வெண்ணெய் இல்லாத வெண்ணெய் பிஸ்கட்

ஜனவரி 9

தம்பிக்கு,

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனை வைத்த பத்தாவது நிமிடத்தில், உன்னிடம் எதைச் சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. மறுபடி கூப்பிடுகிறேன். "இதத்தானக்கா இப்ப சொன்ன" என்று சிரிக்கிறாய். போன வாரம் நீ அப்படிச் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கடிதம் என்றால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். உன் பதில்களையும் கோப்பில் போட்டு வைக்கப்போகிறேன். முப்பத்தாறு வருடம் பஸ் டிப்போ ஸ்டோர்ஸில் இருந்தவளுக்குக் கையில் காகிதம் இருந்தால்தான் தைரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள், உன் அருமை மருமகள், என்னை நினைவாற்றல் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். கேஸ் அடுப்பை இரண்டு முறை அணைக்காமல் விட்டுவிட்டேன், அதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். டாக்டர் முதலில் ஐந்து சொற்களைச் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். கழித்தல் எனக்கு ஊதித் தள்ளுகிற வேலை, அவர் பென்சிலை எடுப்பதற்குள் முடித்துவிட்டேன். கடைசியில் அந்த ஐந்து சொற்களைக் கேட்டார். மூன்றுதான் வந்தது.

ஆறாயிரம் உதிரி பாகங்கள், எது எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள் நான். அந்தச் சின்ன அறையில் இரண்டு சொற்களைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது ஒன்று வந்தது: ஏணி. இன்னொன்று இன்னும் வரவில்லை.

ஆரம்ப நிலை மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார். அடுத்த அறையில் உணவு ஆலோசகர் என்று ஒரு பெண். நல்ல சுறுசுறுப்பு. "மூளையில இருக்கிற தண்ணிய எடுத்துட்டா, மிச்சத்துல பாதிக்கு மேல கொழுப்புதாம்மா. அதனால நீங்க என்ன கொழுப்பு சாப்பிடுறீங்கங்கிறது முக்கியம்" என்று ஆரம்பித்து, முப்பது வருடமாக நான் சாப்பிட்டதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். தினமும் நான்கு பிஸ்கட், அதுவும் என் தம்பி கடை பிஸ்கட் என்றேன். மகள் வீட்டுக்கு வந்த பிறகும் அவன் மாதாமாதம் டின்னில் அனுப்புகிறான் என்றேன். என்ன கொழுப்பில் செய்வது என்று கேட்டாள். "போர்டுலயே எழுதியிருக்கும்மா. சுத்த வெண்ணெய் பிஸ்கட்" என்றேன். ஒரு பிஸ்கட்டுக்கு எத்தனை கிராம் என்று கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறாள். பதில் போடு.

காலையில் ஐந்து அக்ரூட் பருப்பு தின்ன வேண்டுமாம். பார்க்க மூளை மாதிரியே இருக்கிறது, மூளைக்கு நல்லது என்கிறாள் உன் மருமகள். அப்படியானால் பீன்ஸ் எதற்கு நல்லது, விரலுக்கா என்று கேட்டேன்.

அக்கா

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். மாஸ்டர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கோர்ட்டு நோட்டீஸா அண்ணே?" என்றார். எனக்குக் கடிதம் வந்து எத்தனை வருடம் ஆகிறது. கடிதம் எழுதவும் மறந்துபோய்விட்டது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது மூன்றாவது.

முதலில், சிரித்ததற்கு மன்னித்துவிடு. நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீ இரண்டாவது முறை சொன்னபோதும் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னாய், டேப் போட்ட மாதிரி. அதற்குத்தான் சிரித்தேன். எழுதிப் பார்த்தால் இதுவும் நன்றாக இல்லை. விட்டுவிடு.

உனக்கு மறதி என்றால் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள்? போன வாரம் பன் மாவில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். உன் தம்பி பெண்டாட்டி ஒரு வாய் வைத்துவிட்டு, "இத ஆஸ்பத்திரிக்குக் குடுங்க, புண்ண கழுவட்டும்" என்றாள். இதற்கெல்லாம் என்னை யாரும் பரிசோதனைக்குக் கூட்டிப்போகவில்லை. எனக்கு இப்படி அக்கறையாக ஒரு மகள் இல்லாமல் போனது நல்லதாகப் போயிற்று.

நீ கேட்ட கிராம் கணக்கு மாஸ்டரின் கைப்பக்குவம். அவர் கண்ணளவில் போடுகிறவர். அந்தப் பெண்ணிடம், அளவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிடு. இவ்வளவு வருடம் சாப்பிட்டு உனக்கு என்ன ஆகிவிட்டது? இந்த மாத டின்னைப் பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். சின்ன வட்டம், நன்றாகச் சிவக்க வைத்தது, உனக்குப் பிடித்த மாதிரி.

அந்த ஐந்தாவது சொல் வந்ததா?

தம்பி

ஜனவரி 26

தம்பிக்கு,

டின் வந்தது. ஒன்றுகூட உடையவில்லை. உன் கடிதத்தைத்தான் ஒட்டவைக்க முடியவில்லை.

ஈஸ்டைக்கூட தராசில் நிறுத்துப் போடுகிறவன் நீ. மாஸ்டர் கண்ணளவில் போட்டால் அவரை வாசலுக்குத் துரத்திவிடுவாய். என்னிடம் எதற்கு இந்தக் கதை? அப்பா காலத்து அளவை வெளியே சொல்லக் கூடாது என்றால், எனக்கு மட்டும் எழுது. நான் அந்தப் பெண்ணிடம் ரகசியமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஏன் விடாமல் கேட்கிறாள் என்று சொல்கிறேன். அவளிடம் இரண்டு பட்டியல் இருக்கிறது. மீன், அக்ரூட், ஆளி விதை, சில எண்ணெய்கள் ஒரு பக்கம். இவை ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் ஒத்துப்போகிறவை. வெண்ணெய் நடுவில், குறைத்தால் போதும். மறுபக்கத்தில் வனஸ்பதி. எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்வது. "அத குறைக்கிறதெல்லாம் இல்லம்மா, அறவே கூடாது" என்றாள். அதிகம் சாப்பிட்டவர்களுக்கு வயதான காலத்தில் நினைவு மங்குகிறதா என்று பல இடங்களில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். முடிந்த முடிவாக இன்னும் சொல்லவில்லையாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் முடிவு தெரிந்த மாதிரி இருந்தது.

"வனஸ்பதி எங்க தம்பி கடை வாசப்படி ஏறாதும்மா" என்று சொன்னேன். கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன். காத்திருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா உன் கடை எங்கே என்று விலாசம்கூடக் கேட்டாள்.

அதனால் எழுது. இன்று நான்கு தின்றேன். உன் அத்தான் இறந்துபோன பிறகு டிப்போவிலிருந்து நேரே உன் கடைக்கு வந்து, ஒரு கிளாஸ் டீயும் நான்கு பிஸ்கட்டும் சாப்பிட்டு, அதுவே இரவுச் சாப்பாடாகவும் போன நாட்கள் எத்தனை. அது ஒன்றும் மறக்கவில்லை.

அக்கா

பிப்ரவரி 3

அக்கா,

டின்னில் மீதி இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடு. அக்கம்பக்கத்தில் யாருக்கும் கொடுக்காதே.

அதில் வெண்ணெய் இல்லை. இருபத்தொன்பது வருடமாக இல்லை. வனஸ்பதிதான்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். உன் மகள் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், கோடையில் கடை ஃபிரிட்ஜ் பழுதாகி ஒன்பது நாள் கிடந்தது. வெண்ணெய் உருகிக் கெட்டுப்போனது. நான்கு பிறந்தநாளுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் பிஸ்கட் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று வனஸ்பதி டின் வாங்கினேன். பிஸ்கட் வெயிலில் இளகவில்லை. அச்சு போட்டது போல ஓரம் நின்றது. மூன்று வாரத்தில் காறிப்போகிற பிஸ்கட் இரண்டு மாதம் நின்றது. சாப்பிட்டவர்களில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஃபிரிட்ஜ் சரியானது. நான் திரும்பிப் போகவில்லை. போர்டை மாற்றவும் மனம் வரவில்லை. அது அப்பா எழுதிவைத்த போர்டு.

அப்போது இது கெடுதல் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எல்லாக் கடையிலும் அதுதான். பின்னால் செய்தித்தாளில் படித்தேன், படித்துவிட்டு அந்தத் தாளிலேயே பன் கட்டிக் கொடுத்தேன். அதுதான் உண்மை.

இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன் அக்கா. கல்லாப் பக்கம் நின்று நீ டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "ருசி இருந்தா சரிடா" என்றாய். உனக்கு நினைவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, எவ்வளவோ வருடம் ஆயிற்று.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 13

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். உன்மேல் கோபப்படலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசிப் பத்தி வந்ததும் எதன்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நீ சொல்லியிருக்கிறாய். நான் சரி என்றிருக்கிறேன். அப்புறம் அத்தனை பேர் நடுவில் வாசப்படி ஏறாது என்று பெருமை பேசியது நான்தான். தப்பு என்னுடையது. உன்னை வற்புறுத்திக் கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். கல்லா, அதன்மேல் பச்சைக் கண்ணாடி ஜாடி, டீ கிளாஸ், நீ, உன் சட்டையில் மாவு, எல்லாம் வருகிறது. நீ அதைச் சொல்வது மட்டும் வரவில்லை. "ருசி இருந்தா சரிடா" என்பது நான் சொல்லக்கூடியதுதான். என் வாய்தான் அது. அதனால் சந்தேகப்படவும் வழியில்லை.

டாக்டர் என்னை ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறார். மறந்தவற்றை மகள் சொன்னால் தேதியோடு எழுத வேண்டும். இதையும் எழுதிக் காட்டினேன். அவர் நோட்டை இரண்டு முறை படித்தார். இதுவரை போனதெல்லாம் நேற்று நடந்தது, முந்தாநாள் நடந்தது. இது பழையது. "பழசும் போக ஆரம்பிச்சா நாம வேற மாதிரி பாக்கணும்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

இப்போது வேறு எதெல்லாம் போயிருக்கும் என்று தேடுகிறேன். எது போயிற்று என்று எப்படித் தெரியும்? காலியாக இருக்கும் அலமாரியைப் பார்த்தால் சாமான் இல்லை என்று தெரியும். அலமாரியே இல்லையென்றால் என்ன செய்வது?

தெருமுனை இலவச மருந்தகத்தில் வாரம் இரண்டு காலை போய் மருந்துகளை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் அல்லவா, நேற்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாருக்காவது மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டால்? அந்த மருந்தாளர், "நீங்க அடுக்குனதுல ஒரு அட்டகூட மாறுனதில்லையேம்மா" என்றார். இதுவரை என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்கும் தனியாகப் போக வேண்டாம் என்கிறாள் மகள். சரி என்றேன்.

பிஸ்கட்டை எறிந்துவிட்டேன். நாலரை மணிக்குக் கை தானாக டின் இருந்த இடத்துக்குப் போகிறது. கைக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது.

அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

இதை உடனே உன் மகளிடமும் டாக்டரிடமும் காட்டு.

நான் உன்னிடம் சொல்லவே இல்லை. அப்போதும் இல்லை, எப்போதும் இல்லை. நீ "ருசி இருந்தா சரிடா" என்று சொல்லவும் இல்லை. அதை நான் கட்டினேன். உன் வாய் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும், அதை வைத்துக் கட்டினேன்.

ஃபிரிட்ஜ் கதை வரைக்கும் உண்மையாகத்தான் எழுதினேன். அதற்கப்புறம், நீ படித்துவிட்டு என்ன நினைப்பாய் என்று பயம் வந்துவிட்டது. உனக்குத்தான் ஞாபகம் இருப்பதில்லையே, சொன்னேன் என்றால் நம்பிவிடுவாய் என்று தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் எழுதிவிட்டேன். ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்து பன் அடுக்கினேன். கை நடுங்கக்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் கடிதத்தை என் பெண்டாட்டி கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தாள். மருந்தகச் சாவி வந்த இடத்தில் நிறுத்தினாள். "அக்காகிட்ட நீங்க எப்ப சொன்னீங்க?" என்றாள். நான் தட்டைத் துடைத்தேன். "உங்களத்தான் கேக்குறேன். எங்கிட்டயே அக்காவுக்குத் தெரிய வேணாம்னுதான சொன்னீங்க?" என்றாள். மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

உன் அலமாரி எதுவும் காணாமல் போகவில்லை அக்கா. அந்த இடத்தில் எப்போதுமே எதுவும் இருந்ததில்லை. நீ இரண்டு நாள் தேடினாய் என்று படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

சாவியைத் திரும்ப வாங்கிக்கொள். என்னைத் திட்டு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

நீ வந்த ஞாயிறு நான் அறையைவிட்டு வெளியே வராததற்குத் தலைவலி காரணம் இல்லை. மகள் உன்னிடம் அப்படிச் சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். நீ ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். நீ இருமியதெல்லாம் கேட்டது. பிறகு நீ போட்ட இரண்டு கடிதங்களையும் படித்தேன். பதில் போடவில்லை.

என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் எனக்கே மறந்துபோகும். வனஸ்பதிக்காக இல்லை. எல்லோரும் செய்தார்கள், நீயும் செய்தாய். போர்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டதற்குத் திட்ட வேண்டும், அதைப் பிறகு நேரில் செய்கிறேன். ஆனால் என்னிடம் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்து, அந்த ஓட்டை வழியாக நீ கையை விட்டாயே. இந்த வீட்டில் சாவி எங்கே என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிற சமயத்தில். வேற்று மனிதன் செய்திருந்தால் பேசாமல் விட்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நியாயமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நான் கோபப்படவில்லை. நோட்டை எடுத்தேன். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். அந்த நோட்டில் அடிக்கப்பட்ட ஒரே வரி அதுதான். அடித்துவிட்டுச் சிரித்தேன். மகள் ஓடிவந்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள். "நான் மறக்கலடி. உன் மாமன் பொய் சொல்லியிருக்கான்" என்றேன். இவ்வளவு சந்தோஷமாக யாரும் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோபம் மறுநாள்தான் வந்தது.

டாக்டரிடம் காட்டினேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தம்பி நல்லா எழுதுறாரு" என்றார். பிறகு நான் நேராகவே கேட்டேன், இந்த மறதி அந்த பிஸ்கட்டால் வந்ததா என்று. "கெட்டிப்படுத்துன கொழுப்பு ரத்தக் குழாய்க்குக் கெடுதல். அது தெரிஞ்ச விஷயம். ரத்தக் குழாய் கெட்டா மூளைக்கும் நல்லதில்ல. ஞாபகத்தோட நேரடித் தொடர்பு சில ஆராய்ச்சியில தெரியுது, சிலதுல தெரியல. வயசு இருக்கு, பிரஷர் இருக்கு, பரம்பரை இருக்கு. உங்க ரெண்டு சொல்ல இந்த பிஸ்கட்தான் தின்னுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். ஆகவே அந்தக் குற்றத்துக்கு உன்னைத் தூக்கில் போட முடியாது. "ஆனா இனிமே நல்ல கொழுப்பா சாப்பிடுறதுல நஷ்டம் ஒண்ணுமில்ல" என்றும் சொன்னார்.

சாவியைத் திரும்ப வாங்கிவிட்டேன். நான் அடுக்கியதை மருந்தாளர் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை. தினமும் பார்க்கிறார். இதுவரை மாறவில்லை.

உனக்கும் ஒரு நிபந்தனை. என்னிடம் எதையும் சொல்லாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. நடக்காததை நடந்தது என்று மட்டும் சொல்லாதே. இனி வரும் வருடங்களில் எனக்கு வராததை உன்னிடம்தான் கேட்பேன். நீயும் இல்லையென்றால் யாரிடம் போவேன்?

உன் இருமலுக்கு மருந்து சாப்பிட்டாயா?

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நிபந்தனையை ஒத்துக்கொள்கிறேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் நன்றாக எழுதுகிறேன் என்று உன் டாக்டர் மறுபடி சொல்வார். இருமல் போய்விட்டது.

கடை நிலவரம் சொல்கிறேன். போர்டில் "சுத்த வெண்ணெய்" என்பதை நானே ஏணி போட்டு ஏறிச் சுரண்டி எடுத்தேன். இப்போது வெறும் "பிஸ்கட்" என்று நிற்கிறது. மாடி வீட்டு வாத்தியார், "ஏன், வெண்ணெய நிறுத்திட்டீங்களா?" என்றார். "நிறுத்தி இருபத்தொன்பது வருஷமாச்சு சார்" என்றேன். அவர் யோசித்துக்கொண்டே போனார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து பன் மட்டும் வாங்கினார். பல பேர் இன்னும் வரவில்லை. ஒரு அம்மா கல்லா முன்னால் நின்று என்னைக் கேட்டதை எழுத மாட்டேன். அவள் கேட்டது சரிதான்.

வனஸ்பதி டின் இனி கடைக்குள் வராது. பதிலுக்கு என்ன போடுவது என்பதுதான் பெரும் பாடாக இருக்கிறது. வெறும் எண்ணெயில் போட்டேன். வாயில் வைத்தால் மணலாக உதிர்ந்தது, கட்டிய தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எண்ணெயோடு அக்ரூட்டை அரைத்துச் சேர்த்தேன். அடுப்பில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பிஸ்கட்டாக வந்தது, தட்டளவுக்கு. மாஸ்டர், "குடும்ப பிஸ்கட்னு பேரு வச்சிரலாம்ணே" என்றார். ஓட்ஸ் சேர்த்தேன், கொஞ்சம் நின்றது. சர்க்கரையைக் குறைத்து, மாவை ஒரு மணி நேரம் குளிர வைத்து, ஆளி விதையை வறுத்துப் பொடித்துப் போட்டேன். பதினோராவது தடவை ஓரம் நின்றது. என் பெண்டாட்டி ஒன்றைத் தின்று பார்த்தாள். இரண்டாவது எடுத்தாள். அது நல்ல அறிகுறி.

இது மருந்து என்று எங்கும் எழுதப்போவதில்லை. பிஸ்கட் பிஸ்கட்தான். என்னென்ன போட்டேன் என்பதை மட்டும் கிராமோடு ஒரு தாளில் எழுதி, டின்னுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த உணவு ஆலோசகர் பெண்ணிடம் காட்டு. அவள் சரி என்று சொன்னால் நான்கு வேண்டாம், இரண்டு தின்னு.

எப்படி இருக்கிறது என்று உண்மையாக எழுது. உனக்கும் அதே நிபந்தனைதான்.

தம்பி

செப்டம்பர் 15

தம்பிக்கு,

ஏப்ரலில் வந்த டின்னைவிட இந்த மாதத்து டின் நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் உப்பு போடலாம். இரண்டு முறை உப்புப் போட்டாயே, அந்தப் பன் மிச்சம் இருந்தால் அதில் ஒரு சிட்டிகை போடு.

நேற்று மறுபரிசோதனை. ஐந்து சொல்லில் மூன்று. போன தடவையும் மூன்று. மகளுக்கு முகம் வாடிவிட்டது, இவ்வளவு அக்ரூட் தின்றும் மூன்றுதானா என்று. டாக்டர், "குறையலையே. எட்டு மாசத்துல குறையாம இருக்கிறது நல்ல சேதி" என்றார். மாத்திரையா, மீனா, தினமும் நடப்பதா, மருந்தகத்துக்குப் போவதா, எது தாங்கிப் பிடிக்கிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் தொடரச் சொன்னார். தொடர்கிறேன். சில நாள் காலையில் எழுந்ததும் இது எந்த வீடு என்று ஒரு கணம் தெரியவில்லை. இதை மகளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் எழுத வேறு காரணம் இருக்கிறது. ஒன்று கேட்க வேண்டும். கேட்கலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன்.

அத்தான் போன அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படித்தான் இருக்கிறது. வலது கை, நகம் வெட்டாத கட்டைவிரல். முப்பத்தொரு வருடமாக அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் பேச்சுவாக்கில் மகளிடம் சொன்னேன். அவள், "அம்மா, நீ வர்றதுக்குள்ள அப்பா போயிட்டாருன்னுதான அத்தை சொல்லுவாங்க" என்றாள். அத்தை என்றது உன் பெண்டாட்டியை. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது, அவள் அங்கே இல்லை. நீ இருந்தாய்.

எனக்கு ஆறுதல் வேண்டாம். எது நடந்தது என்று எழுது.

அக்கா

செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும் என்று பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். எழுதவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அன்று டிப்போவில் வருடாந்திரச் சரக்குச் சோதனை. காலையில் அத்தான் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், நீ போய்விட்டு வா என்று அவர்தான் அனுப்பினார். உன் மகள் எங்கள் வீட்டில் இருந்தாள். நான் கடையை மாஸ்டரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூன்று மணிக்கு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நர்ஸ் உன் டிப்போவுக்குப் போன் போட்டார். அத்தான் என்னிடம், "அவ வந்துட்டாளா?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்கா அத்தான்" என்றேன். அவர் கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். மூன்றரைக்குப் போய்விட்டார்.

நீ வந்தது மூன்று ஐம்பதுக்கு. இருபது நிமிடம் கழித்து. உன் மகள் சொன்னது சரி அக்கா.

துணியைப் போட்டு மூட வந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள், அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று நான்தான் சொன்னேன். நீ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய். கைகளில் கிரீஸ், காதில் பென்சில். யாரும் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. நேரே வந்து அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாய். அவர் கை சில்லிடாமல் அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாய். நகம் வெட்டவில்லை என்று அப்போதுதான் சொன்னாய். "நாளைக்கு வெட்டி விடுறேன்" என்றாய்.

அதனால் நீ பிடித்தது நிஜம். உன்னிடம் இருப்பது பொய்யில்லை. நேரம் மட்டும்தான் கொஞ்சம் முன்பின்னாக நிற்கிறது.

நீ வரும் வரைக்கும் அந்தக் கையை நான் கீழே வைக்கவில்லை அக்கா. என் கையிலிருந்துதான் நீ வாங்கிக்கொண்டாய்.

தம்பி